மூத்தோருக்கான சமூகப் பராமரிப்பு வீட்டுக்கு மாறுவது எப்படி?

65 வயதை எட்டிய சிங்கப்பூரர் தனித்து, ஆனால் துணையின்றி அல்லாமல், வாழ விரும்பினால், 2021இல் புக்கிட் பாத்தோக்கில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகளைப் பரிசீலிக்கலாம். 15 முதல் 35 ஆண்டுகள் வரையிலான குத்தகையை, குறைந்தது உங்கள் 95 வயதுவரை நீடிக்குமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். அவசர உதவி, அடிப்படை உடல்நலப் பரிசோதனை, சிறு பழுதுபார்ப்பு ஆகியவை அடங்கிய சேவைத் தொகுப்புக்குக் கட்டாயக் கட்டணம் உண்டு என்பதால், அதையும் வீட்டு விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது பொருள்களைக் குறைப்பதுதான். ஏறத்தாழ 32 சதுர மீட்டருக்குள் பித்தளை அண்டாவும் கொலுப்படியும் அடங்கா. எனவே வீட்டின் வரைபடத்தில் சாமி மாடத்துக்கும் கட்டிலுக்கும் உரிய இடத்தை முதலில் குறித்துவிட்டு, எஞ்சியவற்றைப் பிள்ளைகளிடம் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள்.