தில்லை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

தில்லை மரத்தைப் பற்றிய முதல் தவறு அதன் அறிவியல் பெயரிலேயே இருக்கிறது. எக்ஸ்கோகேரியா அகலோச்சா. இதில் முதல் சொல் கண்ணைக் குருடாக்குவது என்ற பொருளில் வருவது, அது சரிதான். அடுத்தது அகிலைக் குறிக்கும் சொல். மணப்புகை போடும் அகிலுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. அகில் என்று நம்பித் தில்லைக் கட்டையை எரித்தால் அந்தப் புகையே கண்ணைப் பதம் பார்த்துவிடும்.

இது ஆமணக்குக் குடும்பத்து மரம். அலையாத்திக் காட்டில் வளர்வதால் பலரும் வேரைப் பார்த்து இதை அடையாளம் காணப் பார்க்கிறார்கள். அதே காட்டில் வளரும் சுரபுன்னைக்கு இருக்கும் முட்டுக்கால் வேர் தில்லைக்குக் கிடையாது. வெண்கண்டலைப் போலச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்கும் வேரும் கிடையாது. வேரை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். மற்ற இரண்டிலும் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். தில்லையில் மாறி மாறி, ஒன்றுவிட்டு ஒன்று. பிச்சாவரத்தில் படகில் போகும்போதே இந்த வித்தியாசம் தெரியும். சிதம்பரத்துக்கே தில்லை என்றுதான் பெயர், ஆனால் மரத்தைப் பார்க்கக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது!

பால் வருகிறதா என்று இலையைக் கிள்ளிப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. பால் பட்ட இடம் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் கொஞ்ச காலம் பார்வையே போகலாம். நானும் பட்டவன்தான். கிளை கழிக்கும்போது கையுறை போட்டுக் கவனமாகத்தான் இருந்தேன். வேலை முடிந்த தெம்பில், அதே கையுறையோடு நெற்றி வியர்வையைத் துடைத்தேன். வியர்வையோடு பாலும் இறங்கி, இமை பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பாவம், விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தார். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணில் விடக்கூடாது. சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அப்புறம், வெட்டிய அரிவாளையும் மறக்காமல் கழுவி வையுங்கள். கழித்த கிளைகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் நடைபாதை ஓரத்திலும் இதை நடவே கூடாது.

உப்பு நிலத்து மரமாயிற்றே என்று தொட்டியில் கல்லுப்பு போடுபவர்களும் உண்டு. தில்லை உப்பைத் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உப்பு கேட்டு அழாது. நல்ல தண்ணீரிலேயே வளரும்.

அடுத்தது இலை சிவப்பது. பச்சை மரத்தில் அங்கங்கே குங்குமச் சிவப்பாக இலைகள் தெரிந்ததும் சத்துக் குறை என்று பயந்து உரம் கொட்டுகிறார்கள், பூச்சிமருந்துகூட அடிக்கிறார்கள். உதிரப்போகும் தில்லை இலை சிவந்துதான் உதிரும். சும்மா விட்டாலே போதும்.

கடைசியாக, பூவும் காயும். தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பூங்கொத்து நீளமாக, மஞ்சள் பூசிய திப்பிலி போலத் தொங்கும், தேனீக்கள் மொய்க்கும். பெண் மரத்துக் கொத்து குட்டையானது. அதில்தான் ஆமணக்கைப் போல மூன்று பகுதியான காய் பிடிக்கும், ஆனால் பட்டாணி அளவில், முள் இல்லாமல். ஒற்றை மரத்தை வைத்துக்கொண்டு விதைக்குக் காத்திருப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. விதையிலிருந்து வந்த கன்று ஆணா பெண்ணா என்பது பூத்த பிறகுதான் தெரியும். அதனால் காய்த்த மரத்தில் பதியம் போட்டோ, போத்து வெட்டி வைத்தோ எடுத்த கன்றாகப் பார்த்து வாங்குவது நல்லது. நான் விதைக்கன்றாக இரண்டு வாங்கி வைத்தேன். இரண்டும் ஆண்.