முசிறிக்கு ஆதாரம் தேடிய கதை

கொழிஞ்சாம்பாறையில் ஒன்பதாவது படிக்கும் அக்கா மகளுக்கு, கேரளக் கரையில் இருந்த பழைய சேரர் துறைமுகமான முசிறி பற்றி புராஜெக்ட். எழுதிக் கொடுத்ததெல்லாம் ‘ஆதாரம் போதாது’ என்று திரும்பி வந்தது. இணையத்தில் எதைத் திறந்தாலும் 1341 வெள்ளத்தில் முசிறி அழிந்தது என்ற ஒரே வரி, கமாகூட மாறாமல். பத்துப் பேர் பார்த்து எழுதினாலும் அது ஒரு சாட்சிதான். நூலகத்துக் கைடுகளும் அதையே ஒப்பித்தன.

சரி என்று ஒவ்வொரு ஆதாரத்திடமும் ஒன்றே கேட்டோம்: இப்போது இருக்கும் பிரதி எப்போது எழுதியது? அதில்தான் முடிச்சு அவிழ்ந்தது. முசிறிக்கு அருகே ரோமப் பேரரசர் அகஸ்டஸின் கோயிலைக் காட்டும் பியூட்டிங்கர் என்ற சாலை வரைபடம் ரோமானியர் காலத்தது என்கிறார்கள். வியன்னாவில் இருப்பதோ இடைக்கால நகல். அதே ஊரில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் (நாணல் தாளில் எழுதிய ஆவணம்) மட்டும் 2ஆம் நூற்றாண்டின் அசல் தாளே. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபோலோன் கப்பலின் சரக்குக் கணக்கு: தந்தம், சடாமாஞ்சி என்ற வாசனை வேர், எடை, மதிப்பு. பெருமைக்காக எழுதாத கணக்கு என்பதால் எங்கள் பட்டியலில் அதற்கே முதலிடம்.

அப்புறம் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த ஆம்போரா (ரோமானியர் ஒயின், எண்ணெய் கொண்டுவந்த ஜாடி) சில்லுகள். பொன்னோடு வந்து மிளகோடு போன யவனர் கப்பலைச் சொல்லும் அகநானூறு 149ஆம் பாட்டு அடுத்தது. அதுவும் ஓலையில் படியெடுத்து வந்ததுதான் என்று குறித்தோம். வரைபடம் கடைசியில். அப்பாடா, இந்த முறை திரும்பி வரவில்லை.