பால்புதுமையினர் (க்வியர்) குறும்படத்துக்குக் காசு திரட்டுவது எப்படி?

சென்னையில் இரண்டு நாள் ஷூட்டிங், 18 பேர் யூனிட், 15 நிமிடப் படம் என்று வைத்துக்கொள்வோம். "சுமார் மூணு லட்சம் ஆகும்" என்றால் யாரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். கணக்கை வரி வரியாக எழுதுங்கள். சாப்பாடும் டீயும் தலைக்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய் என்றால் 12,600. பிறகு கேமரா, லென்ஸ், லைட் வாடகை, ஒலிப்பதிவு, இரண்டு ஹார்டு டிஸ்க், எடிட்டிங், கலர், மிக்ஸிங், சப்டைட்டில், விழா நுழைவுக் கட்டணம். கடைசி இரண்டையும் மறந்ததால் ஹார்டு டிஸ்கிலேயே தூங்கும் படங்கள் நிறைய.

பெண்ணியப் படம் என்று சொல்லிக்கொண்டு உதவி இயக்குநரை "நட்புக்காக" உழைக்கவிடுவது அபத்தம். கொஞ்சமானாலும் எல்லோருக்கும் பேட்டா எழுதுங்கள். பேக்-அப் ராத்திரி பத்தைத் தாண்டினால் பெண்களுக்கும் திருநர்களுக்கும் வீடுவரை வண்டி. அதற்கும் ஒரு வரி.

பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டும் கூட்டுநிதித் (கிரவுட்ஃபண்டிங்) தளத்தில் போடுவதாக இருந்தால், தளக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., பேமென்ட் கேட்வே எல்லாம் கழியும். மொத்தம் 10 சதவீதம் போகுமென்றால், கையில் 3,00,000 நிற்க 3,30,000 போதாது. 3,33,400 கேட்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்கக் கூட்டுநிதித் தளத்தில் இந்திய வங்கிக் கணக்கை வைத்துத் திட்டம் தொடங்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

காசு வருவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். உறவினர் அல்லாதவர்கள் அன்பளிப்பாகத் தருவது ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத்தொகைக்கும் வரி. சேமிப்புக் கணக்கில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மார்ச்சில் முழிப்பது வழக்கமான தவறு. படத்துக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தமிழர் தருகிறாரா? எந்த பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் சட்டப்படி வெளிநாட்டவர்தான். அந்தப் பணத்தை வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ. பற்றி விசாரிக்காமல் தொடாதீர்கள்.

கூட்டுநிதிப் பக்கத்தைத் திறக்கும் முன்பே, இலக்கில் மூன்றில் ஒரு பங்கை நேரில் தெரிந்தவர்களிடம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்துக்கு முன்பின் தெரியாதவர் போடமாட்டார். குரூப்பில் ஃபார்வர்டு செய்வதில் பயனில்லை, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள்: "அக்கா, ரெண்டு பெண்கள் வாடகைக்கு வீடு தேடுற கதை, 15 நிமிஷம். ஒரு நாள் லைட் வாடகைல 1,500 ரூபா குறையுது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா? முடியலன்னாலும் பரவால்ல, சொல்லிடுங்க." தொகை, காரணம், கெடு மூன்றும் இருக்கிறது, மறுக்கவும் வழி இருக்கிறது. அறிமுக உரைக்குச் சொற்கள் தடுமாறினால், தமிழக அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்ட பால்புதுமையினர் தொடர்பான சொற்பட்டியலைப் பாருங்கள்.

மற்றப் படங்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு. ஜிபேயில் காசு போட்டவரின் முழுப்பெயர் உங்கள் திரையில் தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "நன்றி" என்று ஸ்டோரி போட்டால், வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அவர் பாஸ்புக்கை அப்பா பார்க்கக்கூடும். அதனால் கணக்கின் பெயர் படத்தின் தலைப்பாக இல்லாமல் பொதுவான நிறுவனப் பெயராக இருக்கட்டும். "டைட்டிலில் எந்தப் பெயர் போட? பெயரே வேண்டாமா?" என்று ரசீதோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

டி-ஷர்ட் பரிசு வேண்டாம். அச்சும் கூரியரும் நிதியைத் தின்றுவிடும். படத்தின் லிங்க்கைத் தருவதாகச் சொன்னால், விழாச் சுற்று முடிந்த பிறகே என்று தெளிவாக எழுதுங்கள், சில விழாக்கள் முதல் திரையிடலைக் கேட்கும். மும்பையில் நடக்கும் பால்புதுமையினர் திரைப்பட விழாவான காஷிஷ் 'க்யூதிருஷ்டி' என்ற பெயரில் குறும்பட நிதி வழங்கி வந்திருக்கிறது. அந்த மாதிரி நிதிக்கு விண்ணப்பிக்க மேலே போட்ட பட்ஜெட்டே போதும்.

இலக்கில் பாதிதான் வந்ததென்றால் லொகேஷனைக் குறையுங்கள், பேட்டாவைக் குறைக்காதீர்கள். டைட்டில் கார்டை லாக் செய்வதற்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் இருக்கும் வரியை மட்டும் அனுப்பி, "இப்படியே போடலாமா?" என்று இன்னொரு முறை கேளுங்கள். இடையில் மனம் மாறியவர்கள் இருப்பார்கள்.