டாக்சி இன்சூரன்ஸ்: மிச்சம் பிடிக்கப்போய்ப் பணம் போகும் இடங்கள்

கோலாலம்பூரில் டாக்சியோ, கைபேசிச் செயலி வழியே அழைக்கும் இ-ஹெய்லிங் காரோ ஓட்டுபவர்களிடம் இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தால், "எந்த ஏஜென்ட் குறைச்சலா போட்டுத் தருவாரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். 2017 ஜூலை 1 முதல், உங்கள் காரின் சேதத்தையும் சேர்த்துக் காக்கும் முழுக் காப்புறுதிக்கு ஒரே கட்டண அட்டவணை கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். ஆகவே மூன்று இடத்தில் விலை கேட்பது நல்லதுதான். ஆனால் பெரிய தொகை கைநழுவுவது அங்கே இல்லை, சின்னச் சின்னக் கிளைம்களில்.

கிளைம் இல்லாமல் ஓட்டிய ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவைத்தான் என்.சி.டி. என்கிறோம். டாக்சி வர்த்தக வாகனம். அதற்கு முதலாண்டு 15 சதவீதம், அடுத்து 20, பிறகு 25. அதற்குமேல் ஏறாது. தனியார் காருக்கு 25, 30, 38.33, 45 என்று ஏறி 55 வரை போகும். இ-ஹெய்லிங் கார் தனியார் காராகவே பதிவில் இருப்பதால் இந்தக் கணக்கில் வரும். ஒரே ஒரு கிளைம் போதும், எல்லாம் சுழியத்துக்கு வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைப் பிரீமியம் 2,000 வெள்ளி (ரிங்கிட்), கழிவு 55 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 900. கிளைம் செய்த பிறகு அடுத்தடுத்த ஆண்டுகளில் 2,000, 1,500, 1,400, 1,233, 1,100 என்று கட்டித்தான் மறுபடி 900-க்கு வர முடியும். கூடுதலாகப் போனது 2,700 வெள்ளிக்கும் மேல். அதே 2,000 வெள்ளியில் 25 சதவீதக் கழிவுள்ள டாக்சிக்கு இழப்பு 800 வெள்ளிதான். பம்பர் நசுங்கியதற்கு 600 வெள்ளி ஆகுமென்றால் இருவருமே கைக்காசு போட்டுச் செய்வதுதான் லாபம். 1,500 வெள்ளி வேலை என்றால் டாக்சிக்காரர் கிளைம் செய்யலாம், இ-ஹெய்லிங்காரர் செய்யக்கூடாது. கிளைம் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் வொர்க்‌ஷாப்பில் விலை கேட்டு, இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள்.

தவறு எதிராளியுடையது என்றால் அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்கலாம், உங்கள் கழிவு அப்படியே இருக்கும். அதற்குப் போலீஸ் புகார் வேண்டும், 24 மணி நேரத்துக்குள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விபத்து நடந்த சில நிமிடத்தில் இழுவை வண்டிக்காரர் வந்து நின்று, "எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்பார். காரை அவர் கொண்டுபோகும் வொர்க்‌ஷாப் உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் இல்லாமல் போகலாம். பிறகு காரை மீட்கவே பணம் கட்ட வேண்டிவரும். முதலில் படம் எடுங்கள், உங்கள் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

விலை குறைவு என்று வெறும் தனியார் கார் பாலிசியோடு பயணிகளை ஏற்றுவதை மிச்சம் என்றே நான் சொல்லமாட்டேன். வாடகைக்கு ஓட்டுவதை அந்தப் பாலிசி ஏற்காது. மோதினால் உங்கள் காரும் போகும், அடிபட்ட பயணியின் செலவும் உங்கள் தலையில் விழும். இ-ஹெய்லிங் கூடுதல் காப்பு 2019-இல் வந்த விதிகளின்படி கட்டாயம். அதில் கைவைக்காதீர்கள்.

காரின் மதிப்பைக் குறைத்துப் போடுவதும் இதே வகைதான். 30,000 வெள்ளி பெறும் காரை 20,000 என்று போட்டால் பிரீமியம் குறையும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மதிப்புக்குத்தான் காப்பு எடுத்திருப்பதால், 6,000 வெள்ளி சேதம் என்றால் 4,000தான் கிடைக்கும், மீதி உங்கள் பொறுப்பு. கூட்டிப் போட்டாலும் பலன் இல்லை, சந்தை விலைக்குமேல் தரமாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது காரின் அன்றைய விலையைப் பார்த்துச் சரி செய்தால் நியாயமாகவே பிரீமியம் இறங்கும். கடன் அடைந்த பழைய டாக்சி என்றால் முழுக் காப்புறுதி தேவையா என்றே யோசிக்கலாம். மூன்றாம் தரப்பு (நீங்கள் மோதிப் பிறருக்கு ஆகும் சேதம்), தீ, திருட்டு மட்டும் போதுமாக இருக்கலாம். வங்கிக் கடன் உள்ளவரை வங்கி அதற்கு ஒத்துக்கொள்ளாது.

வெள்ளக் காப்பை வெட்டும் முன் 2017 நவம்பரில் பினாங்கையும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். நகரத்துக்குள்ளேயே ஓடி, பள்ளமான இடத்தில் காரை நிறுத்துபவர் இதை விடக்கூடாது. முன்கண்ணாடிக் காப்பும் அப்படித்தான். அதைக் கொண்டு கண்ணாடி மாற்றினால் என்.சி.டி. குறையாது.

வெட்டலாம் என்று நான் சொல்வது, ஏஜென்ட் சேர்த்துவிடும் தனிநபர் விபத்துத் திட்டத்தை. டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்குச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் கீழ் பெர்கெசோ (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டாயம். வேலையில் அடிபட்டால் மருத்துவமும் இழப்பீடும் அதில் இருக்கின்றன. வேலை நேரத்துக்கு வெளியே என்ன ஆகும் என்று மட்டும் பார்த்து, அந்த இடைவெளிக்குத் தேவையானதை வாங்குங்கள். ஒரே காயத்துக்காக இரண்டு இடத்தில் ஏன் சந்தா கட்ட வேண்டும்? புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பாலிசியை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். புரியாத வரியை ஏஜென்ட்டிடம் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுதித்தரச் சொல்லுங்கள்.