குளத்தில் மிதக்கும் பச்சையை வகை பிரிப்பது எப்படி?

எங்கள் ஊர்க் குளத்தை முதல் தடவை கணக்கெடுத்தபோது, நோட்டில் ‘பாசி, முழுக்க’ என்று ஒரே வரி எழுதிவிட்டு வந்தேன். வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்தால் நாலு வகைச் செடி. ஒன்றுகூடப் பாசி இல்லை!

தேவை: டீ வடிகட்டி, வெள்ளைத் தட்டு, பத்து மடங்கு கைலென்ஸ், ஒரு மீட்டர் பிவிசி சட்டம் (மூலைக்கு ஒரு எல்போ, பசை போட்டு அடைத்தால் மிதக்கும்). போன் கேமரா போதும் என்பார்கள். ஈரக் கையோடு போனைப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

1. காற்று எழும்பும் முன் காலையிலேயே போய்விடுங்கள். காற்றடித்தால் எல்லாம் ஒரே கரையில் ஒதுங்கிவிடும். சட்டத்தை ஐந்தாறு இடத்திலாவது போடுங்கள்.

2. வடிகட்டியில் அள்ளி, தட்டில் தண்ணீர் விட்டுக் கொட்டி, புரட்டிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் கொட்டினால் வேர் அறுந்துவிடும். நான் சறுக்கியது இங்கேதான். மேலிருந்து பார்த்தால் ஸ்பைரோடெலா, லெம்னா என்ற மிதக்கும் குட்டிச் செடிகள் இரண்டும் ஒரே மாதிரி பச்சைப் பொட்டு. அடியில் கொத்தாக ஏழுக்கு மேல் வேரும் செந்நீல நிறமும் இருந்தால் ஸ்பைரோடெலா. ஒரே ஒரு வேர் என்றால் லெம்னா. வுல்ஃபியா என்ற இன்னும் சின்னச் செடிக்கு வேரே கிடையாது, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. விரலில் தேய்த்தால் ரவை மாதிரி நெருடும். இழைப்பாசி என்றால் வழுக்கும். சால்வினியா என்ற மிதக்கும் பெரணியில் தொங்குவதை வேர் என்று எண்ணாதீர்கள். அது வேர் போல உருமாறிய மூன்றாவது இலை. நான் ஒரு வாரம் எண்ணினேன்.

3. சட்டத்துக்குள் ஒவ்வொரு செடியும் எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று பிரான்-பிளாங்கே அளவில் குறியுங்கள்: 5%-க்குக் கீழே 1, 25% வரை 2, 50% வரை 3, 75% வரை 4, அதற்கு மேல் 5. ஒன்றிரண்டு செடிதான் என்றால் வெறும் ‘+’.

4. 3-ம் அதற்கு மேலும் வாங்கிய செடிகளை வைத்து அந்தச் செடிக்கூட்டத்துக்குப் பெயர் கொடுங்கள்: ‘லெம்னா-வுல்ஃபியா சமூகம்’. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட செடிக்கூட்டங்களை ‘லெம்னேட்டியா’ என்ற வகுப்பில் வைத்து உட்பிரிவுகளும் போட்டிருக்கிறார்கள். அந்த உட்பிரிவுப் பெயர்களை நம் குளத்துக்கு அப்படியே ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பின்சேர்க்கை: ஒரு சட்டத்துக்குள் எல்லாச் செடியும் மூடிய இடத்தைக் கூட்டினால் 100%-க்கு மேல் போகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். போகட்டும். சால்வினியா இலைக்கு அடியிலும் வுல்ஃபியா கிடக்கும்.

இன்னொருவர் அனுப்பிய பட்டியலில் ‘ஆகாயத்தாமரை 5’ என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் நம்மூரில் இரண்டு செடி உண்டு. வழவழப்பான இலை, ஊதாப் பூ என்றால் ஐகார்னியா. காம்பில்லாமல் சின்ன முட்டைக்கோஸ் மாதிரி விரிந்து, தொட்டால் வெல்வெட் போல இருந்தால் பிஸ்டியா. உப்பிய காம்பை மட்டும் நம்ப வேண்டாம். நெருக்கமாக வளர்ந்த ஐகார்னியாவுக்குக் காம்பு உப்பாமல் நீண்டுவிடும்.