கதையும் பாட்டும் வழியே பிள்ளைகளுக்கு இஸ்லாம்: சொல்லும் முறை

கதை தேர்வதற்கு முன் மூலத்தைப் பாருங்கள். குர்ஆனிலோ ஆதாரபூர்வமான ஹதீஸிலோ (நபியின் சொல், செயல் பற்றிய பதிவு) அந்த நிகழ்ச்சி இருக்கிறதா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது தினமும் குப்பை கொட்டிய கிழவியின் கதை எங்கும் சொல்லப்படுகிறது. ஆனால், நம்பத்தகுந்த ஹதீஸ் தொகுப்புகளில் அது இல்லை. கருத்து நல்லதுதானே என்று விட்டுவிட முடியாது. நபியின் பெயரால் இல்லாததை வேண்டுமென்றே சொல்வதற்குக் கடும் எச்சரிக்கை உண்டு. வளர்ந்த பிள்ளை அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று அறியும்போது, உண்மையான கதைகளையும் சந்தேகிக்கத் தொடங்கும்.

மூன்று முதல் ஐந்து வயதுவரை ஐந்து நிமிடக் கதை போதும். உயிரினங்கள் வரும் கதைகளில் தொடங்கலாம். குர்ஆனின் நம்ல் (எறும்பு) அத்தியாயத்தில் (27:18-19, அதாவது 27ஆம் அத்தியாயம், 18-19 வசனங்கள்) ஓர் எறும்பு, "புற்றுக்குள் போய்விடுங்கள், சுலைமானின் படை அறியாமல் உங்களை மிதித்துவிடும்" என்று தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. நபி சுலைமான் (அலை) அதைக் கேட்டுப் புன்னகைத்து, அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தத் துஆ (இறைவேண்டல்) கேட்கிறார். சின்னக் குரலில் எறும்பின் பேச்சைச் சொல்லிவிட்டு, "அவர் ஏன் சிரித்தார்?" என்று கேட்டு நிறுத்துங்கள். பதில் பிள்ளையிடமிருந்து வரட்டும். நீதியை நாமே சொல்லி முடித்தால் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடும்.

ஆறு வயதுக்கு மேல் யூசுஃப் அத்தியாயம் பெரும் புதையல். 111 வசனங்களில் நபி யூசுஃப் (அலை) அவர்களின் கதை ஒன்றே கோவையாக ஓடுவதால் ஏழெட்டு இரவுகளுக்குப் பிரித்துச் சொல்லலாம். கதையில் மூன்று முறை வரும் சட்டையை இழையாகப் பிடித்துக்கொண்டு போங்கள்: பொய் இரத்தம் தோய்ந்த சட்டை (12:18), பின்புறம் கிழிந்த சட்டை (12:25-28), தந்தையின் பார்வையை மீட்ட சட்டை (12:93-96). நடுவிலுள்ள சட்டையைச் சின்னப் பிள்ளைகளிடம் "அவர்மீது பொய்ப் பழி சுமத்தினார்கள், கிழிசல் உண்மையைக் காட்டியது" என்ற அளவில் சொன்னால் போதும். ஒவ்வோர் இரவும் கேள்வி ஒன்றை மிச்சம் வைத்து முடியுங்கள்.

நாமாகச் சேர்ப்பது எல்லை தாண்டக்கூடாது. காற்று, வெயில், பாலைவனம் என்று காட்சியை விரிக்கலாம். அப்போதும் "இப்படி இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். நபிமார்களின் வாயில் நாமாகப் புதிய பேச்சை வைக்காதீர்கள். அவர்களை வரையவும் வேண்டாம்: கிணறு, கப்பல், மீன், சட்டை இவற்றை வரைந்தாலே கதை நினைவில் நிற்கும்.

அச்சம் தரும் பகுதிகளில் நிதானம் வேண்டும். நபி இப்ராஹீம் (அலை) மகனைப் பலியிட முனைந்த நிகழ்ச்சியைக் கேட்ட குழந்தை, "அத்தா என்னையும் அப்படிச் செய்வாரா?" என்று பயப்படுவது இயல்பு. அதனால் முடிவை முதலில் சொல்லுங்கள்: மகன் காப்பாற்றப்பட்டார், அது ஒரு சோதனை. தந்தை மகனிடம் கேட்டதும், மகன் பொறுமையோடு இசைந்ததும் (37:102) அடுத்து வரட்டும். நபி நூஹ் (அலை) அவர்களின் மகன் மூழ்கியதைப் பத்து வயதுக்குத் தள்ளிப் போடலாம்.

பாட்டுக்கு வேலை வேறு. வரிசையையும் எண்ணிக்கையையும் மனத்தில் பதிக்க அதைவிட எளிய வழி இல்லை. ஐவேளைத் தொழுகையின் ஃபர்ளு (கட்டாய) ரக்அத்துகளுக்கு, அதாவது தொழுகைச் சுற்றுகளுக்கு, இப்படி ஒன்று:

விடியற் காலை சுபுஹு இரண்டு
உச்சி சாய லுஹர் நான்கு
மாலை அஸர் மறுபடி நான்கு
மறைந்தது கதிர், மஃரிப் மூன்று
இருள் சூழ இஷா நான்கு

மொத்தம் 17. வரிக்கு நான்கு சொல்லைத் தாண்டாமல், ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரே வரியில் வைத்தால் (மறைந்தது, மஃரிப்; இருள், இஷா) பிள்ளை தானே அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளும். கைதட்டித் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுங்கள். இசைக்கருவி பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, குரலே போதும்.

ஒன்றில் மட்டும் உறுதி தேவை. குர்ஆன் வசனத்தைப் பாட்டு மெட்டில் போடாதீர்கள். மெட்டுக்காக நீட்டியும் குறுக்கியும் ஓதினால் எழுத்தும் பொருளும் மாறிவிடும், அப்படிப் பதிந்ததைப் பின்னால் திருத்துவது கடினம். வசனத்தைத் தஜ்வீதோடு (சரியாக ஓதும் விதிகளோடு) ஓதிக் காட்டுங்கள். அதன் பொருளைத் தமிழ்ப் பாட்டாக்குங்கள். ஐந்தே வசனம் கொண்ட ஃபீல் அத்தியாயத்தை (105) இப்படித் தொடங்கலாம்: முதலில் யானைப் படையின் கதை, அடுத்து ஓதல், பிறகு பொருளுக்கு நாலு வரிப் பாட்டு. வாரத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டு, கடைசி நாளில் பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். விட்டுப்போன இடத்தை அடுத்த வாரத் தொடக்கத்தில் சொல்லி நிரப்பிவிட்டுப் புதியதற்குப் போங்கள்.