ரெண்டாவது குழந்தை வந்ததும் மூத்த பிள்ளை கிட்ட நாம பண்ற தப்புகள்

ரெண்டாவது டெலிவரி முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் எங்கப்பா என் மூத்தவள ஹாஸ்பிட்டலுக்கு கூட்டிட்டு வந்தாரு. அப்ப அவளுக்கு 3 வயசு 4 மாசம். நான் ஒருக்களிச்சு படுத்து சின்னவனுக்கு பால் குடுத்துட்டு இருந்தேன், அவ வாசல்லயே தாத்தா விரல புடிச்சிட்டு நின்னுட்டா, "வா கண்ணு, தம்பிய பாரு"ன்னு எத்தன தடவ கூப்பிட்டும் உள்ள வரல, தாத்தா வேட்டிக்கு பின்னாடி போய் மூஞ்சிய மறைச்சிக்கிட்டா. எல்லாரும் "பாரு இப்பவே பொறாமை"ன்னு சிரிச்சாங்க. அவ கண்ணுக்கு தெரிஞ்சது என்னன்னா தினம் அவ படுத்து தூங்குற எடத்துல, அம்மா கைக்குள்ள, வேற ஒரு ஆளு. இதுல சிரிக்க என்ன இருக்கு.

அதனால மொத தப்பு இதுதான், முதல் சந்திப்புலயே அம்மா கையில பாப்பா இருக்குறது. மூத்தது உள்ள வர்ற நேரம் பாப்பா தொட்டில்லயோ பாட்டி மடியிலயோ இருக்கட்டும், உங்க ரெண்டு கையும் காலியா இருக்கணும், மொதல்ல அவள கட்டிக்கோங்க, இட்லி சாப்பிட்டியா நேத்து யார் கூட தூங்குனன்னு அவ கதைய கேளுங்க, பாப்பாவ பாக்கணும்னு அவளே கேப்பா. சிசேரியன்னா தூக்க முடியாது, வெயிட் தூக்கக்கூடாதுன்னு 6 வாரம் வரைக்கும் சொல்வாங்க, பக்கத்துல ஏத்தி உக்கார வச்சிக்கிட்டா போதும்.

வீட்டுக்கு வந்தப்புறம் நடக்குற பெரிய தப்பு, அவங்கள ஒரே நாள்ல பெரியவங்களாக்கிடுறது. 3 கிலோ குழந்தைய ரெண்டு நாளா தூக்கி வச்சிட்டு திடீர்னு மூத்த பிள்ளையோட கைய புடிச்சா அந்த கை அவ்ளோ பெருசா தெரியும், கால் நீளமா தெரியும், போன வாரம் வரைக்கும் நமக்கு கைக்குழந்தையா இருந்தது இப்ப பெரிய மனுஷி மாதிரி தெரியும். நம்ம கண்ணுதான் மாறிடுச்சு, அவ அதே 3 வயசுதான். ஆனா அன்னைக்கே ஆரம்பிச்சிடுறோம், நீ அக்கா ஆயிட்ட, தானா சாப்பிடு, தானா பாத்ரூம் போ, இவ்ளோ பெரிய பொண்ணு அழலாமா. அக்காங்குற பேர் அவ கேட்டு வாங்குனது கெடையாது. அந்த பேரோட அவளுக்கு வேலையும் திட்டும் மட்டுமே வந்தா அந்த பேரையே வெறுத்துடுவா.

இதோட சேந்ததுதான் பழக்கம் பின்னாடி போறது. நல்லா டாய்லெட் போய்ட்டு இருந்த பிள்ள படுக்கைய நனைக்கும், மழலையில பேசும், பால் பாட்டில் கேக்கும், அம்மா கிட்டயே பால் கேக்கும். என் மூத்தவ பத்தாவது நாள் விருந்தாளிங்க எல்லாம் உக்காந்திருக்கும்போது நடு ஹால்ல நின்னு ஒன்னுக்கு போயிட்டா, என் மூஞ்சியவே பாத்துட்டு. அங்க இருந்த ஒரு பெரியம்மா "ச்சீ, தம்பி கூட உன்ன பாத்து சிரிக்கிறான்"னு சொன்னாங்க. அப்படி சொல்லவே சொல்லாதீங்க. ரெண்டுல இருந்து நாலு வயசு பிள்ளைங்களுக்கு இது ரொம்ப சாதாரணம். தொடச்சிட்டு டிரஸ் மாத்தி விட்டு அதோட விட்டுடணும். அம்மா பால் கேட்டாலும் அருவருப்பா தள்ளி விடாம, ருசி பாக்கணுமான்னு குடுத்தா முக்காவாசி பிள்ளைங்க ஒரு வாய் வச்சிட்டு போயிடும். இன்னும் பால் மறக்காத பிள்ளையா இருந்தா சின்னதுக்கு மொதல்ல குடுத்துட்டு அப்புறம் அதுக்கு குடுக்கலாம்.

சொந்தக்காரங்க பேச்சு பத்தி கண்டிப்பா சொல்லணும், ஏன்னா நம்ம வீடுகள்ல முக்காவாசி காயம் அங்கதான் ஆவுது. "உன்ன தவுட்டுக்கு வாங்குனோம், இவந்தான் பெத்த பிள்ள." "இனிமே உங்கம்மா உன்ன பாக்க மாட்டா, எங்க கூட வந்துடு." "பாப்பாவ நாங்க தூக்கிட்டு போயிடட்டா?" பெரியவங்களுக்கு இது விளையாட்டு. 3 வயசு பிள்ளைக்கு இது நியூஸ். அப்பத்தான் அம்மாவ ரெண்டு மூணு ராத்திரி பிரிஞ்சு இருந்துட்டு வந்த பிள்ள அது, நெஜம்னே நம்பும். அதவிட மோசம் பொண்ணுக்கு அப்புறம் பையன் பொறந்த வீடு, அவ காது கேக்கவே "ஆசைக்கு ஒரு பொண்ணு ஆஸ்திக்கு ஒரு பையன், அம்சமா ஆயிடுச்சு"ன்னு வாழ்த்துவாங்க, அப்புறம் கலர் கம்பேரிசன் வேற, மூக்கு யாரு மாதிரி நெறம் யாரு மாதிரின்னு. மாமியார் வழி சொந்தம், வயசானவங்க, எப்படி வாய அடைக்கிறதுன்னு நானும் பல நாள் சும்மா இருந்தேன், அது என் தப்பு. இப்ப எங்கயாவது கேட்டா அந்த எடத்துலயே அவங்க முன்னாடியே மூத்தவள மடியில இழுத்து வச்சி "இல்ல அத்தை, இவளும் நான் பெத்த பிள்ளதான், இவ மொதல்ல வந்தவ"ன்னு சிரிச்ச மூஞ்சியோட சொல்லிடுவேன். அவங்க மாறுறாங்களோ இல்லையோ, அந்த பதில அவ கேக்கணும்.

பாக்க வர்றவங்க கொலுசு, அரைஞாண், டிரஸ்னு எல்லாம் பாப்பாவுக்கு கொண்டு வருவாங்க, நேரா தொட்டிலுக்கு போவாங்க. ரெண்டு பிஸ்கட் பாக்கெட், கலர் பென்சில்னு வாங்கி அலமாரியில வச்சிக்கலாம், ஆனா அதவிட நல்லா வேலை செய்றது தம்பிய காட்டுற பொறுப்ப அவ கிட்டயே குடுக்குறது. தொட்டில் துணிய விலக்கி "இதான் எங்க தம்பி"ன்னு அவ காட்டட்டும்.

இப்ப நேரக் கணக்க பாருங்க. பொறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8ல இருந்து 12 தடவ பால் குடுக்கணும். தடவைக்கு அரை மணி நேரம்னு வச்சாலே நாலுல இருந்து ஆறு மணி நேரம் அம்மா ஒரே எடத்துல உக்காந்திருப்பா, மூத்தது பக்கத்துல போனா "தள்ளி போ, தம்பி பால் குடிக்கிறான்." அந்த நேரத்துல ஃபோன கையில குடுத்துடுறது ரொம்ப சுலபம், நானும் குடுத்திருக்கேன், ஆனா ஒரு நாளைக்கு பத்து தடவ குடுத்தா கணக்கு எங்க போய் நிக்கும். 2லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஸ்கிரீன் ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுக்கு பதிலா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுல க்ரேயான், ஸ்டிக்கர், ரெண்டு படப் புக்கு போட்டு பால் குடுக்குற நேரம் மட்டும் அத எடுங்க, மத்த நேரம் மேல ஏத்தி வச்சிடுங்க. ஒரு கை பால் குடுக்க போதும், இன்னொரு கையால புக்க பெரட்டி கதை சொல்லலாம்.

எல்லாத்துக்கும் பாப்பாவ காரணம் காட்டுறதும் தப்பு. தம்பி தூங்குறான் கத்தாத, தம்பி அழுறான் அப்புறம் வா, தம்பிக்கு ஆகாது வெளிய போகல. நாள் முழுக்க இதயே கேட்டா நம்ம சந்தோஷத்த எல்லாம் கெடுக்க வந்தவன் தம்பின்னுதானே அவ நெனப்பா. "அம்மா கை இப்ப காலியா இல்ல, ரெண்டு நிமிஷத்துல வரேன்"னு சொல்லி பாருங்க, விஷயம் அதேதான், பழி மட்டும் தம்பி மேல விழாது. அதே மாதிரி எப்பவாவது பாப்பா லேசா சிணுங்கும்போது அவ காது கேக்க சத்தமா "தம்பி, கொஞ்சம் இரு, அக்காவுக்கு சோறு ஊட்டிட்டு வரேன்"னு சொல்லுங்க. நான் அப்படி சொன்ன அன்னைக்கு அவ நிமிந்து உக்காந்து வாங்கிக்கிட்ட அந்த ஒரு வாய் ரசம் சாதம் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

கிள்ளுறது, கால புடிச்சி இழுக்குறது, தொட்டில வேகமா ஆட்டுறது எல்லாம் வரும். அடிக்காதீங்க, ஏன்னா சின்னவங்கள அடிக்கலாம்னு நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும். கைய புடிச்சி நிறுத்தி, தம்பிக்கு வலிக்கும் நான் விடமாட்டேன்னு சொல்லிட்டு கோவம் வந்தா என்கிட்ட சொல்லுன்னு விடணும். அதுக்காக நம்பி விட்டுட்டும் போகக்கூடாது, "தம்பிய பாத்துக்க, அம்மா அடுப்ப அணைச்சிட்டு வரேன்"னு அரை நிமிஷம் கூட வேணாம். எங்க அக்கா வீட்ல மூத்தவனுக்கு 4 வயசு, 20 நாள் பாப்பா அழுதுச்சுன்னு பாசத்துல ஒரு துண்டு முறுக்க அது வாயில வச்சிட்டான், அம்மா ஓடி வந்து எடுக்கவும் சரியா போச்சு. அவனுக்கு ஊட்டி விட்டாங்க, அவன் தம்பிக்கு ஊட்டி விட்டான், அவ்ளோதான் அவனுக்கு தெரியும். 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணி கூட கெடையாது, ஒரு வயசு வரைக்கும் தேன் தொடவே கூடாதுன்னு மூத்ததுக்கும் பாட்டிக்கும் சேத்தே சொல்லிடுங்க. சேலை தூளி கட்டுற வீடுன்னா மூத்தது அதுல ஏறி சுத்தி விளையாடும், கழுத்துல முறுக்கிக்கும், பாப்பா இல்லாத நேரம் தூளிய சுருட்டி மேல போட்டு வைங்க. ராத்திரி ரெண்டு பிள்ளைங்களையும் பக்கத்து பக்கத்துல போடாதீங்க, தூக்கத்துல கை கால் மேல விழும்.

ஸ்கூல் போற பிள்ளைன்னா சளி இருமல் எல்லாம் அது வழியாத்தான் வீட்டுக்குள்ள வரும். வந்ததும் சோப்பு போட்டு கை கழுவிட்டு டிரஸ் மாத்திட்டு தொடட்டும், முத்தம் கால்ல குடுக்கட்டும், மூஞ்சியில வேணாம். மூத்ததோட தடுப்பூசி கார்ட எடுத்து பாருங்க, 16லேர்ந்து 24 மாசத்துல ஒன்னு, 5லேர்ந்து 6 வயசுல ஒன்னுன்னு டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூணுக்குமான ஊசி) பூஸ்டர் இருக்கு, நெறைய பேர் விட்டுடுறாங்க. கக்குவான் இருமல் பெரிய பிள்ளைக்கு வெறும் இருமலா போயிடும், 6 வாரத்துல போடுற மொத கக்குவான் தடுப்பூசி கூட போடாத பாப்பாவுக்கு அது உயிர் விஷயம். ரெண்டு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல்னா வீட்டு வைத்தியம் பாக்காம உடனே டாக்டர்.

ஒரே சமயத்துல எல்லாத்தையும் மாத்துறதும் வேணாம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு போயிருப்போம், அங்க வீடு புதுசு, அப்பா இல்ல, அதே ஜூன்ல எல்கேஜி வேற, அதே வாரம் தனி பெட்டு வேற. படுக்கைய மாத்துறது, டயப்பர் விடுறது எல்லாம் பாப்பா வர்றதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே முடிங்க, இல்ல பொறந்து கொஞ்ச நாள் ஆகட்டும். "மூத்தத மூணு மாசம் அவ அப்பத்தா வீட்ல விட்டுடு, நீ ரெஸ்ட் எடு"ன்னு சொல்றவங்க பேச்ச தயவு செஞ்சு கேக்காதீங்க. கூடவே வச்சிக்கோங்க, அவ தலகாணி, அவ தட்டு, அவ போர்வை எல்லாம் எடுத்துட்டு போங்க.

அப்பாங்க கிட்ட ஒன்னு. "அம்மா தம்பிக்கு, அப்பா உனக்கு"ன்னு பங்கு போடாதீங்க. மூத்தத பைக்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டு போறது நல்லதுதான், ஆனா அதோட கூட தினம் ஒரு கால் மணி நேரம் நீங்க பாப்பாவ வாங்கிட்டு வெளிய போங்க, அம்மாவும் மூத்ததும் கதவ சாத்திட்டு இருக்கட்டும். அம்மா தூங்காம, தையல் வலியோட, தேவையில்லாம மூத்தது மேல எரிஞ்சு விழுந்துட்டு அப்புறம் அழுதுட்டு இருப்பா, அதையும் கவனிங்க. ரெண்டு வாரம் தாண்டியும் அந்த அழுகை நிக்கலன்னா அது வெறும் அசதி இல்ல, டாக்டர் கிட்ட சொல்லணும், 14416க்கு கூப்பிட்டா டெலி மானஸ்ங்குற அரசாங்க மனநல ஹெல்ப்லைன்ல தமிழ்லயே பேசுவாங்க.

வேலை குடுக்குறதும் ஒரு கலைதான். டயப்பர் எடுத்துட்டு வா, பவுடர் எடுத்துட்டு வான்னு ஏவிட்டே இருந்தா சலிச்சிடும். எங்கம்மா வேற மாதிரி பண்ணாங்க. சின்னவன கால் நீட்டி கால்ல போட்டு குளிப்பாட்டும்போது மூத்தவள எதிர்ல சின்ன முக்காலியில உக்கார வச்சி அவ கையில ஒரு எவர்சில்வர் டம்ளர் குடுத்து, மொதல்ல உன் கையில ஊத்தி பாரு சூடு சரியான்னு கேப்பாங்க, அவ சரின்னு சொன்னாதான் குளியல் ஆரம்பம். அவ சுடுதுன்னா பச்சத்தண்ணி ஊத்துவாங்க, சுடலன்னாலும் ஊத்துவாங்க, இன்னொரு தடவ கேப்பாங்க. அப்புறம் பாப்பா கால் விரல் மட்டும் அவ பொறுப்பு. ஒவ்வொரு விரலா எண்ணி தண்ணி ஊத்துவா.

7, 8 மாசத்துல சின்னது தவழ ஆரம்பிச்சதும் ரெண்டாவது ரவுண்டு வரும். அதுவரைக்கும் தொட்டில்ல கெடந்தது இப்ப அவ பில்டிங் பிளாக்ஸ எடுத்து வாயில போடும், அவ வரைஞ்சத கிழிக்கும். "தம்பிதானே, குடுத்துடு"ன்னு புடுங்கி குடுக்காதீங்க. கட்டிலுக்கு மேலயோ மேஜை மேலயோ சின்னவன் கைக்கு எட்டாத ஒரு எடத்த அவளுதுன்னு ஒதுக்கிடுங்க, பாசி மணி, சின்ன கட்டை, பட்டன் பேட்டரி போட்ட பொம்மை எல்லாம் அங்கதான், விளையாடுறதும் அங்கதான். எங்க வீட்ல அது தையல் மெஷின் மேல் பலகை. அதுல அவ அனுமதி இல்லாம நான் கூட எதையும் வைக்கிறது இல்ல.